பழைய ஃப்ளாட்ஹெட் எஞ்சினுக்கு இரட்டைச் சூப்பர்சார்ஜர்

1932ஆம் ஆண்டில் 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்டதாக ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட வி-8 எஞ்சின், 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதன் உற்பத்தி முடிவுற்றபோது மெர்க்குரி வண்டியில் 255 கன அங்குலமும் 125 குதிரைத்திறனும் உடையதாக வளர்ந்திருந்தது என்றாலும், அதன் சுவாச அமைப்பு மட்டும் பெரும்பாலும் பிறந்தபடியே இருந்தது. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே ஹெட்டில் இல்லாமல், சிலிண்டரின் பக்கத்தில் பிளாக்கினுள்ளேயே நிற்கின்றன. உள்ளே வரும் கலவை மேலெழுந்து, வால்வைக் கடந்து, பக்கவாட்டில் திரும்பி, மறுபடியும் கீழிறங்கித்தான் பிஸ்டனை அடைய வேண்டும். இந்த வளைந்த வழியை அகலப்படுத்தினால் எரிகூடம் பெரிதாகி அமுக்க விகிதம் குறைந்துவிடுகிறது. அமுக்க விகிதத்தை உயர்த்துவதற்காக ஹெட்டைத் தாழ்த்தினாலோ வழி குறுகி எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழந்தே தீரவேண்டும் என்னும் இந்தச் சங்கடத்திலிருந்து ஃப்ளாட்ஹெட்டை விடுவிக்கும் சாதனம் சூப்பர்சார்ஜர். காற்றை முன்கூட்டியே அழுத்திக் கொடுக்கும் யந்திரம் வெளியே இருக்கும்போது, அமுக்க விகிதத்தை ஏழுக்கு ஒன்று என்னும் அடக்கமான அளவிலேயே நிறுத்திக்கொண்டு, வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட வழியைத் தாராளமாக விட்டுவிடலாம். மேல்வால்வு எஞ்சினைக் காட்டிலும் பக்கவால்வு எஞ்சினே சூப்பர்சார்ஜரால் மிகுதியான பயன் அடைகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த யோசனை புதியதன்று. 1930களின் பிற்பாதியிலேயே ஃபோர்டு வி-8க்கென்று மக்கல்லக் நிறுவனத்தார் விசிறி வகைச் சூப்பர்சார்ஜர் ஒன்றை விற்றார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிய இளைஞர்கள், ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் எஞ்சின்களிலிருந்து கழற்றிய ரூட்ஸ் வகைக் காற்றூட்டிகளைக் கையில் எடுத்தார்கள். ஒரு சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்பதால் 71 என்றும், சிலிண்டர்களின் எண்ணிக்கையால் 3-71, 4-71, 6-71 என்றும் பெயர் பெற்ற அந்த யந்திரங்களில் 3-71ஐ ஃப்ளாட்ஹெட்டின் மேல் முதன்முதலில் ஏற்றியவர் என்று பார்னி நவாரோ இன்றும் நினைவுகூரப்படுகிறார். அந்தக் காற்றூட்டியின் மூலமோ இன்னும் பழமையானது. இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உலைக்களங்களுக்குக் காற்று ஊதுவதில் பெயர் பெற்று, பிறகே மோட்டார் வண்டிக்கு வந்து சேர்ந்தது.

ஒன்றுக்குப் பதில் இரண்டைப் பூட்டும் வழக்கமும் பழையதே. ஆல்ஃபா ரோமியோவின் பி3 பந்தய வண்டியில் நேர்வரிசை எட்டு சிலிண்டர்களுக்கு இரண்டு சிறிய ரூட்ஸ் சூப்பர்சார்ஜர்கள் இருந்தன; ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நான்கு சிலிண்டர்களுக்குக் காற்றூட்டியது. 1938 ஜனவரி 28 அன்று ஃபிராங்க்ஃபர்ட் - டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் மணிக்கு 432.7 கிலோமீட்டர் வேகத்தில் ருடால்ஃப் கராச்சியோலா செலுத்திய மெர்சிடிஸ் சாதனை வண்டியின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினும் இரட்டைச் சூப்பர்சார்ஜர் உடையதுதான்.

காற்றும் அழுத்தமானியும்

யூட்டா மாநிலத்து போன்வில் உப்புவெளி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 1949ஆம் ஆண்டு முதல் தென் கலிபோர்னியக் கால அளவைச் சங்கத்தார் நடத்திவரும் வேக வாரம், உப்பு உலர்ந்து இறுகியிருக்கும் ஆகஸ்டு மாதத்தில் வருகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 12.6 ராத்தல்தான், கடற்கரையிலோ 14.7. இதன்மேல் நண்பகல் உஷ்ணம் 35 டிகிரி செல்சியஸை எட்டினால், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்து நிலையான அளவில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்து, எஞ்சின் 7,000 அடிக்கும் மேற்பட்ட ஒரு மலைமேல் நிற்பதைப்போன்ற நிலையை அடைகிறது. தன் ஊர்ப் பட்டறையில் நன்றாக ஓடிய எஞ்சின் இங்கே சோர்ந்துபோவதைக் கண்டு கலங்குபவர்கள் பலர். அவர்கள் முதலில் செய்யும் காரியம் சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறியதாக்கி, அதை வேகமாகச் சுழலவிட்டு, அழுத்தமானியின் முள் ஏறுவதைப் பார்த்து ஆறுதல் அடைவது. இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம் ஒன்றே ஒன்று: அந்த முள் காட்டுவது எஞ்சினுக்குள் சென்ற காற்றின் அளவு அன்று. தேர்த்திருவிழாவில் கோயில் வாசலில் எவ்வளவு நெரிசல் என்பதைக் கொண்டு உள்ளே எத்தனை பேர் தரிசனம் செய்தார்கள் என்று கணக்கிட முடியாததைப்போல, மேனிபோல்டில் தேங்கி நிற்கும் அழுத்தத்தைக் கொண்டு சிலிண்டருக்குள் நுழைந்த காற்றை அறிய முடியாது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 255 கன அங்குல மெர்க்குரி எஞ்சின், கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்போது கொள்கை அளவில் 127.5 கன அங்குலக் காற்றை உள்ளிழுக்க வேண்டும். ஆனால் பக்கவால்வு வழியின் நெருக்கடியால் உயர்ந்த சுழற்சியில் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 102 கன அங்குலம் அளவுக்கே விழுங்குகிறது என்று கொள்வோம். இதன்மேல், ஒரு சுற்றுக்கு 62 கன அங்குலம் தள்ளும் ஈட்டன் எம்62 வகைச் சூப்பர்சார்ஜர்கள் இரண்டைப் பூட்டி, எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற அவை 1.25 சுற்றுச் சுற்றும்படி அமைத்தால், இரண்டும் சேர்ந்து 155 கன அங்குலம் தள்ளும்; சுழலிகளின் இடுக்குகள் வழியே கசிந்து திரும்புவது நூற்றுக்கு 15 என்று கழித்தால் சுமார் 132 கன அங்குலம் மிஞ்சும். 102 கொள்ளும் இடத்தில் 132 வருகிறது; ஆகவே எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று நூற்றுக்கு 29 மிகுதி. காற்று சூடேறாமலே இருந்தால் அழுத்தமானி 12.6இல் நூற்றுக்கு 29, அதாவது நான்கு ராத்தலுக்கும் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். உண்மையில் அது ஏறத்தாழ 8 ராத்தல் காட்டும். ரூட்ஸ் வகை யந்திரம் காற்றைத் தனக்குள் படிப்படியாக அழுத்துவதில்லை. ஒருபுறம் அள்ளி மறுபுறம் கொட்டுகிறது. கொட்டும் இடத்தில் ஏற்கெனவே உள்ள அழுத்தம் திரும்பிப் பாய்ந்து மோதுவதால் உஷ்ணம் அளவுக்கு மீறி எழுகிறது. அதன் திறன் நூற்றுக்கு 55 என்று வைத்துக்கொண்டால், 35 டிகிரியில் உள்ளே போன காற்று 120 டிகிரியை நெருங்கி வெளிவருகிறது. எனவே முள் காட்டும் 8 ராத்தலில் பாதிக்கு மேற்பட்டது வெறும் சூட்டின் வீக்கம்.

சூடான காற்றினால் வேறு நஷ்டமும் உண்டு. தறுவாய்க்கு முன்பே கலவை தானாக வெடிப்பதற்கு அதைவிடச் சிறந்த தூண்டுதல் கிடையாது. நாலரை வினாடியிலோ பத்து வினாடியிலோ முடிந்துவிடும் கால் மைல் பந்தயத்தில் இந்தச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். உப்புவெளியிலோ த்ராட்டிலை முழுவதும் திறந்தபடி ஒன்றரை நிமிஷத்துக்கு மேலும் ஓட வேண்டியிருக்கும். கால் மைல் ஓட்டக்காரர்களின் அழுத்தக் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொண்டு போன்வில்லுக்கு வருபவர்களின் பிஸ்டன்கள் உருகுவதற்கு இந்தக் கால அளவே காரணம்.

இரண்டு எதற்கு

பெரிய சூப்பர்சார்ஜர் ஒன்றே இந்த வேலையைச் செய்யாதா என்று கேட்கலாம். செய்யும்; 6-71 ஒன்று 255 கன அங்குல எஞ்சினுக்கு வேண்டியதற்கு மேலாகவே ஊதும். ஆனால் அது உயரமானது, கனமானது. வண்டியின் முகப்பைக் கிழித்துக்கொண்டு காற்றோட்டத்துக்குள் நீட்டி நிற்கும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பை வெல்லுவதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் முப்படியாக உயருகிற ஓட்டத்தில், நெற்றியின் பரப்பைப் பெருக்குவதைப்போன்ற தவறு வேறில்லை. மாறாக ஒரே ஒரு சிறிய சூப்பர்சார்ஜரை வைத்தால், அதே அளவு காற்றுக்கு அது இருமடங்கு வேகத்தில் சுழல வேண்டும். பேரிங், பல்சக்கரம், பெல்ட் ஆகிய எல்லாவற்றின் பாரமும் ஒன்றின் தலையில் விழும். சிறியவை இரண்டை எஞ்சினின் பள்ளத்தில் முன்பின்னாகவோ பக்கம் பக்கமாகவோ தாழ வைத்து, நிதானமாகச் சுழலவிடுவதால் உயரமும் குறைகிறது, பாரமும் பிரிகிறது. நிதானம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இடுக்கு வழியாகக் கசிவது காலத்தையும் அழுத்தத்தையும் பொறுத்ததாகையால், சுழற்சியை மேலும் மேலும் குறைத்தால் தள்ளுவதில் பெரும்பங்கு திரும்பிவந்து, காற்று கூடாமல் சூடு மட்டும் கூடும். மேலே சொன்ன விகிதத்தில் எஞ்சின் 5,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சூப்பர்சார்ஜரும் 6,250 சுற்றில் ஓடுகிறது; எம்62க்கு அது மிகவும் இலகுவான வேகம். இதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் யோசனை.

இரண்டையும் இணையாக வைப்பதா, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ச்சியாக வைப்பதா என்பது அடுத்த கேள்வி. தொடராக வைத்தால் முதலாவது அழுத்தியதை இரண்டாவது மேலும் அழுத்தும், 1.4 மடங்கு, மறுபடி 1.4 மடங்கு என்றால் மொத்தம் 1.96 மடங்கு, ஒரே படியில் அதே அழுத்தத்தை ரூட்ஸ் யந்திரத்தால் எழுப்புவதைவிட இதில் சூடு குறைவு. மெர்சிடிஸ் நிறுவனத்தார் 1938இல் இணையாக வைத்திருந்த தங்கள் டபிள்யூ154 பந்தய வண்டியின் இரு சூப்பர்சார்ஜர்களை 1939இல் இரு படிகளாக மாற்றியதும் இந்த ஆதாயத்தை நாடித்தான். எனினும் அவர்களுடைய எஞ்சின், வேண்டிய அழுத்தத்தைத் தாங்கும்படி தொடக்கத்திலிருந்தே உருவாக்கப்பட்டது. மூன்றே மூன்று பிரதான பேரிங்குகளில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் எழுபது எண்பது வயது வார்ப்பிரும்பு பிளாக்குக்கு, காற்றழுத்தத்தை இருமடங்காக்கும் அமைப்பு தேவையுமில்லை, நன்மையுமில்லை. தொடரமைப்பில் இரண்டாவது யந்திரம் சிறியதாக இருக்க வேண்டும் என்பதும், இரண்டின் சுழற்சி விகிதங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும் என்பதும் கூடுதல் சிரமங்கள். இணையாக வைப்பதே இந்த நூல் பரிந்துரைக்கும் வழி.

இணையமைப்பில் பலரும் செய்யத் துணியும் ஒரு காரியத்தை இங்கே தடுத்தாக வேண்டும். ஆல்ஃபா பி3ஐப் பின்பற்றி, ஒரு சூப்பர்சார்ஜரை வலப்பக்கத்து நான்கு சிலிண்டர்களுக்கும் மற்றதை இடப்பக்கத்து நான்குக்கும் தனித்தனியே ஒதுக்குவது பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் ஃப்ளாட்ஹெட் வி-8இன் எரிமுறை 1-5-4-8-6-3-7-2. இதில் 1 முதல் 4 வரை வலப்பக்கம், 5 முதல் 8 வரை இடப்பக்கம். வரிசையைக் கவனித்தால், 8உம் 6உம் அடுத்தடுத்து இடப்பக்கத்திலேயே எரிகின்றன. 2உம் அதைத் தொடரும் 1உம் அவ்வாறே வலப்பக்கத்தில். அந்தக் கணங்களில் ஒரு சூப்பர்சார்ஜரிடம் இரட்டைக் கேட்பு விழ, மற்றது கொடுப்பதற்கு ஆளில்லாமல் அழுத்தத்தைத் தேக்கிச் சூடேற்றிக்கொண்டு நிற்கும். முன் நான்கு, பின் நான்கு என்று பிரித்தாலும் இந்தச் சீரின்மை நீங்காது. ஆகவே இரண்டு சூப்பர்சார்ஜர்களும் கொட்டும் வாய்களைப் பொதுவான ஒரு காற்றறையில் திறந்துவிட்டு, அந்த அறையிலிருந்து எட்டு சிலிண்டர்களுக்கும் வழி விடவேண்டும். அறையின் கொள்ளளவு எஞ்சினின் கொள்ளளவுக்குக் குறையாமல் இருந்தால் துடிப்புகள் அதிலேயே அடங்கிவிடும்.

காற்றறையின் முன்புறத்தில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாக அழுத்தம் அறியும் துளைகள் இரண்டை வைத்துக்கொள்வது மிகுந்த உபயோகமானது. இரண்டு யந்திரங்களும் ஒரே அளவுடையனவாகவும், ஒரே எண்ணிக்கைப் பற்களுள்ள புல்லிகளை உடையனவாகவும், கூடுமானால் ஒரே அளவு தேய்ந்தனவாகவும் இருக்க வேண்டும். புதியது ஒன்றும் தேய்ந்தது ஒன்றும் பூட்டினால், நல்லது தள்ளுவதில் ஒரு பகுதி தேய்ந்ததன் இடுக்கு வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். பொது அறை என்பதால் அழுத்தமானியில் அது தெரியாது, தேய்ந்த யந்திரத்தின் கூட்டைத் தொட்டுப் பார்க்கும் உஷ்ணத்தில்தான் தெரியும்.

பெல்ட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. பழைய நாட்களின் வி வடிவ பெல்ட்டுகள் வழுக்கும். பல்லுள்ள பெல்ட்டுகளே தகுந்தவை. நம் கணக்கின் எஞ்சினில் 5,000 சுற்றில் காற்றைச் சூடேற்றுவதற்கே சுமார் 20 குதிரைத்திறன் செலவாகிறது. அது கிராங்க் ஷாஃப்டின் மூக்கைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் முன் பேரிங் தேயும். ஒரே நீண்ட பெல்ட்டால் இரண்டையும் சுற்றிவருவதைவிட, முன்னால் இருக்கும் சூப்பர்சார்ஜரின் பக்கமாகத் தனியொரு இடைத்தண்டை அமைத்து, அதன் மறுமுனையை ஒரு பேரிங்கில் தாங்கவைத்து இரண்டுக்கும் பங்கிடுவது கைதேர்ந்த கடைசல்காரர் இருந்தால் சிறந்தது. அவர் இல்லையேல் இரண்டு தனி பெல்ட்டுகளே போதும்.

பிளாக், ஹெட், கேம்

சூப்பர்சார்ஜர் வாங்குமுன் பிளாக்கைப் பரீட்சிக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஃப்ளாட்ஹெட்டில் புகைவழிகள் பிளாக்கின் ஊடாகவே, குளிர்நீரைச் சூடேற்றியபடி வெளியேறுகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் நடு இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வாய்தான். வால்வு ஆசனத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதியிலும், ஹெட் ஸ்டட்டுகளின் துளைகளைச் சுற்றியும் விரிசல்கள் தோன்றுவது இந்த அமைப்பின் பிறவிக் குணம். காந்தத் தூள் பரீட்சையால் விரிசலையும், ஒலி அலைக் கருவியால் சிலிண்டர்ச் சுவரின் கனத்தையும் அறிந்த பின்பே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். வார்த்த காலத்து மணல் நீர்வழிகளில் இன்னும் அடைந்துகிடப்பதும் சாதாரணம்.

இயற்கையாகக் காற்றிழுக்கும் எஞ்சினைக் கட்டுபவர்கள் சிலிண்டரை 3 3/8 அங்குலம் வரை குடைந்து, 4 அங்குல மெர்க்குரி கிராங்க் ஷாஃப்டுடன் சேர்த்து 286 கன அங்குலம் பெறுவார்கள். போட்டி விதிகளில் ஃபோர்டு, மெர்க்குரி ஃப்ளாட்ஹெட்டுகளுக்கான எக்ஸ்எஃப் வகுப்பு அதற்கு மேலும் இடம் தருகிறது. ஆனால் சூப்பர்சார்ஜர் வைப்பவர் 3 3/16 அங்குலத்தையோ அதற்குச் சற்று மேலோ வைத்துக்கொண்டு, சுவரின் கனத்தைக் காப்பாற்றுவதே உத்தமம். குடைந்து பெறும் முப்பது கன அங்குலத்தைப் புல்லியின் இரண்டு பற்கள் தந்துவிடும். குடைந்த சுவரை எதுவும் திரும்பத் தராது.

ஹெட்டுக்குத் தாமிர கேஸ்கெட்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் 24 ஸ்டட்டுகள் உள்ள பிந்திய கால பிளாக்கும் வேண்டும். வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பிளாக்கின் மேற்பரப்பைச் செதுக்கிவிடும் பழைய பழக்கத்தை இங்கே கைவிடலாம். ஹெட்டில் விட்ட தாராளமான வழியே போதும், செதுக்கிய இடம் விரிசலுக்கு அழைப்பாகிறது. கேம் ஷாஃப்டில், உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் காலம் குறைவாக இருக்க வேண்டும். இயற்கை எஞ்சினுக்கு அந்தக் காலம் உதவியாக இருக்கும். அழுத்தத்துடன் வரும் கலவையோ அந்த இடைவேளையில் நேரே புகைவழியில் ஓடிவிடும்.

எரிபொருளும் பனிக்கட்டியும்

சங்கத்தின் விதிப்படி பெட்ரோல் வகுப்புகள் வேறு, மெத்தனால் முதலிய எரிபொருள் வகுப்புகள் வேறு. எரிபொருள் வகுப்பில் ஓடுபவருக்கு மெத்தனால் ஒரு வரப்பிரசாதம். ஒரு கிலோ மெத்தனால் ஆவியாக 1,100 கிலோ ஜூல் உஷ்ணத்தைக் காற்றிலிருந்து பிடுங்குகிறது; பெட்ரோல் 350 அளவுக்கே. அதோடு, ஒரே அளவு காற்றுக்கு மெத்தனால் இருமடங்குக்கு மேல் தேவைப்படுவதால், காற்று பெறும் குளிர்ச்சி பெட்ரோலைப்போல் ஏழு மடங்காகிறது. எரிபொருளைச் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் தெளித்தால் சுழலிகளும் குளிர்ந்து, இடுக்குகளும் ஈரத்தால் ஓரளவு அடைபட்டு, கசிவு குறைகிறது. பிளாக்கின் மேல் ஒரு பங்கு, சூப்பர்சார்ஜர்களின் வாயில் பெரும் பங்கு என்று பிரித்துத் தெளிப்பது நலம். 1948ஆம் ஆண்டில் எல் மிராஜ் ஏரிப்படுகையில் மணிக்கு 150 மைலைக் கடந்த வண்டியின் சொந்தக்காரரான ஸ்டூவர்ட் ஹில்பார்ன், தம் ஃப்ளாட்ஹெட்டில் கார்புரேட்டரை நீக்கிவிட்டு அமைத்த தெளிப்பு முறையிலிருந்து வளர்ந்த கருவிகளே இதற்கு இன்றும் பொருத்தமானவை. மெத்தனாலின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும், அது தோலின் வழியாகவும் உடலில் சேரும் விஷம் என்பதையும், ஈரத்தை உறிஞ்சி அலுமினியத்தை அரிக்கும் என்பதையும் மறக்கலாகாது. ஓட்டம் முடிந்த அன்றே குழாய்களைக் கழுவிவிட வேண்டும்.

பெட்ரோல் வகுப்பில் ஓடுபவர், காற்றறைக்கும் எஞ்சினுக்கும் நடுவே நீரால் குளிரும் ஒரு குளிர்விப்பானை வைத்து, அதற்குப் பனிக்கட்டி நீரைச் சுழலவிடலாம். நம் எஞ்சினின் இரண்டு சூப்பர்சார்ஜர்களும் சேர்ந்து காற்றில் ஏற்றும் உஷ்ணம் வினாடிக்கு ஏறத்தாழ 15 கிலோ ஜூல். ஒன்றரை நிமிஷ ஓட்டத்துக்கு 1,350. நான்கு கிலோ பனிக்கட்டி உருகும்போதே அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும். பத்துக் கிலோ எடுத்துச்சென்றால் வரிசையில் காத்துநிற்கும் நேரத்துக்கும் போதும். குளிர்விப்பானைப் பூட்டிய அன்று அழுத்தமானியின் முள் எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கக்கூடும். அதைக் கண்டு மனமுடைந்து புல்லியை மாற்றுபவர்கள் உண்டு. ரூட்ஸ் யந்திரம் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளுவதாகையால், காற்று குறையவில்லை. அதன் வீக்கமே வடிந்திருக்கிறது. முள் இறங்கி வண்டியின் வேகம் குறையாமல் இருந்தால், எஞ்சினுக்கு வேண்டியது சரியாகக் கிடைத்திருக்கிறது என்று உறுதியாக நம்பலாம். புகைவழியைத் திருத்தினாலும், கேமை மாற்றினாலும் முள் இதேபோல் இறங்கும்.

என்ன ஆதாயம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 180 குதிரைத்திறன் தந்த எஞ்சின் நூற்றுக்கு 29 மிகைக் காற்றால் 232 தந்து, அதில் 20ஐச் சூப்பர்சார்ஜர்களுக்கே கொடுத்தபின் 212 மிஞ்சும். காற்றின் எதிர்ப்பு முப்படிக் கணக்கில் ஏறுவதால், மணிக்கு 150 மைல் ஓடிய வண்டி ஏறத்தாழ 158 மைலை எட்டும். எட்டு மைலுக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். ஆனால் அதே எட்டு மைலைக் குடைவதாலும் செதுக்குவதாலும் பெற முயன்று பிளாக்குகளை இழந்தவர்கள் அனேகர்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும்

காற்றறைக்குள் தீ திரும்பிப் பாய்ந்தால் உள்ளிருக்கும் கலவை முழுவதும் வெடித்துச் சூப்பர்சார்ஜரையே பெயர்த்து எறியும். ஆகையால் காற்றறையில் சுருள்வில்லால் மூடிய விடுவிப்பு வால்வு ஒன்றுக்கு இரண்டாக, ஒவ்வொரு யந்திரத்தின் வாய்க்கும் அருகில் ஒன்றாக வைக்க வேண்டும். இரண்டு யந்திரங்களையும் தனித்தனிப் பட்டைகளால் பிளாக்கோடு கட்டவும் வேண்டும். இரண்டு த்ராட்டில்களுக்கும் தனித்தனித் திருப்பு வில்கள் அவசியம். ஒன்று சிக்கிக்கொண்டு மற்றது மூடினாலும் எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், எரிபொருளை அடைக்கும் பிடி ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில், கண்ணால் தேடாமலே பற்றும்படி இருக்க வேண்டும்.

உப்பின் பிடிப்பு சாலையின் பிடிப்பைப்போல் இராது. ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் குறைந்த சுழற்சியிலேயே முழு முறுக்குவிசையையும் தந்துவிடுவதால், அவசரப்படும் கால் சக்கரங்களை உப்பின் மேல் சுழலவிட்டுச் சக்தியை வீணாக்கும். தள்ளும் வண்டியால் நல்ல வேகம் பெற்று, உயர்ந்த கியரில், த்ராட்டிலை மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். முழுத் திறப்பை அளவெடுக்கும் மைலுக்கு வெகு முன்பாகவே அடைந்துவிட வேண்டும். எடை கூடிவிட்டதே என்று இரண்டு சூப்பர்சார்ஜர்களைக் குறித்து வருந்த வேண்டியதில்லை. உப்பின் மேல் எடை பிடிப்புக்கு உதவுகிறது.

முதல் ஓட்டத்தில் பற்றவைக்கும் தருணத்தை இயற்கை எஞ்சினுக்கு வைப்பதைவிடச் சில டிகிரி பின்தள்ளி, எரிபொருளைத் தாராளமாக விட்டு ஓட்ட வேண்டும். அளவெடுக்கும் மைல் முடிந்ததும் கிளட்சை மிதித்து, அதே கணத்தில் மேக்னெட்டோவை அணைத்து, எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே வண்டியை உருளவிட்டால், ஸ்பார்க் பிளக்குகள் முழு த்ராட்டிலில் இருந்த நிலையை அப்படியே காட்டும். எட்டையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பீங்கான் மேல் மிளகுத்தூள் சிதறியதைப்போன்ற புள்ளிகளோ அலுமினியப் பளபளப்போ தென்பட்டால், தானாக வெடிப்பது தொடங்கிவிட்டது என்பது பொருள். தருணத்தை மேலும் பின்தள்ளாமலும் எரிபொருளைக் கூட்டாமலும் அடுத்த ஓட்டத்துக்குப் போகக் கூடாது. முன் நான்கு பிளக்குகளும் பின் நான்கும் வேறுவேறு நிறமாக இருந்தால் காற்றறையில் பங்கீடு சரியில்லை. இரு த்ராட்டில்களின் திறப்பையும் இரு பெல்ட்டுகளின் இறுக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபின்பே தெளிப்பு முனைகளைத் தொட வேண்டும்.

சங்கத்தின் முறைப்படி சாதனைக்குத் தகுதி பெற்ற வண்டி காவலில் வைக்கப்பட்டு, மறுநாள் காலையில் அதே திசையில் மீண்டும் ஓடி, இரண்டின் சராசரியால் சாதனை நிர்ணயிக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்பி ஓட வேண்டும் என்னும் சர்வதேச மோட்டார் வண்டிச் சம்மேளனத்தின் முறை இங்கே இல்லை. காலையில் காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் என்பதால், முதல்நாள் மத்தியானத்துக்குச் சரியாக இருந்த எரிபொருள் அளவு மறுநாள் காலையில் குறைவுபடும். காவலில் கிடைக்கும் சில மணி நேரத்தில் தெளிப்பு முனைகளை ஓர் அளவு பெரிதாக்கிவிடுவது பாதுகாப்பு. புல்லியை அந்த இரவில் மாற்றலாகாது. மாற்ற வேண்டுமெனில் அடுத்த தகுதி ஓட்டத்துக்கு முன், ஒரு முறைக்கு ஒரு பல்லுக்கு மேல் போகாமல் மாற்ற வேண்டும்.

ஊர் திரும்பும் முன்பே சூப்பர்சார்ஜர்களின் வாயைத் திறந்து, நன்னீரில் நனைத்த துணியால் உப்புத்தூளைத் துடைத்து, சுழலிகளின் மேல் மெல்லிய எண்ணெயைத் தடவி, கையால் சில சுற்றுகள் சுற்றிவிட்டு மூடிவைக்க வேண்டும். சுழலிகளுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழை அளவே ஆகையால், அங்கே தங்கிவிட்ட உப்பு ஒரு மாதத்தில் அலுமினியத்தை அரித்து, அடுத்த ஆண்டு முதல் சுற்றிலேயே சுழலியைக் கூட்டோடு உரசவைக்கும்.